குழு நேர்காணலில் அதிகம் பேசுபவருக்கே வேலை கிடைப்பது ஏன்?

மதுரை கோ.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். ஒரு நிறுவனத்தின் மேசைக்கு முன்னால் வரிசையாகப் பயோடேட்டாவோடு ஆட்கள் நிற்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவரோ இருவரோ உட்கார்ந்திருப்பார்கள். இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐ.டி. வளாகங்களில் நடக்கும் வாக்-இன்களிலும், கல்லூரி கேம்பஸ் தேர்வுகளிலும் இதே நெரிசல்தான். 48 பேரை ஆளுக்கு 20 நிமிடம் தனித்தனியாகப் பார்த்தால் 16 மணி நேரம் ஆகும், அதாவது இரண்டு முழு நாள். ஆறு ஆறு பேராக உட்காரவைத்து ஒரு குழுவுக்கு 40 நிமிடம் கொடுத்தால் ஐந்து மணி இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். குழு நேர்காணல் இங்கே இவ்வளவு பரவியதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கொண்டுவந்த ஏற்பாட்டை வைத்தே ஆளையும் எடைபோடப் பார்க்கிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு விண்ணப்பதாரர் முன்னால் நான்கு அதிகாரிகள் உட்கார்ந்து கேள்வி கேட்பதைப் பேனல் இன்டர்வியூ என்கிறோம். அது இங்கே நம் பேச்சில் இல்லை. பல விண்ணப்பதாரர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசவிட்டால் அது குழு விவாதம், சுருக்கமாக ஜிடி. பேச்சுக்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுத்துச் சேர்ந்து முடிக்கச் சொன்னால் அது குழுப் பயிற்சி. பின்னால் சொன்ன இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். பலன் என்று பார்த்தால் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இந்த முறை ராணுவத்திலிருந்து வந்தது. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க உளவியல் சோதனைகளையும் குழு உரையாடலையும் ஜெர்மன் ராணுவம் முதலில் பயன்படுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், பிரிட்டிஷ் ராணுவம் தனக்கென்று தேர்வு வாரியங்களை அமைத்தது. அங்கே வேலை பார்த்த மனநல மருத்துவர் வில்ஃப்ரட் பயான், தலைவர் யாரென்று சொல்லாமல் ஒரு குழுவிடம் ஒரு வேலையை ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர் பார்க்க நினைத்தது நுட்பமான ஒரு விஷயம். வந்திருக்கும் ஒவ்வொருவனும் தான் தேர்வாக வேண்டும் என்று நினைக்கிறான். ஆனால் கொடுத்த வேலை முடிய வேண்டுமானால் தன் போட்டியாளர்களோடு ஒத்துழைத்தே ஆக வேண்டும். இந்த இழுபறியை அவன் எப்படிச் சமாளிக்கிறான் என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரியும் என்பது அவர் கணிப்பு. அடுத்த ஆண்டே, 1943-இல், இந்திய ராணுவமும் அதே மாதிரியில் தேர்வு வாரியம் தொடங்கியது. இன்று எஸ்.எஸ்.பி. என்று நம் பிள்ளைகள் தயாராகிறார்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கம் கோயம்புத்தூரிலேயே கடற்படைக்கான தேர்வு வாரியம் ஒன்று உண்டு.

எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாள் சோதனை நடக்கிறது. குழு விவாதம் அதில் ஒரு துண்டு மட்டுமே. கட்டையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்வது, வரைபடத்தைக் காட்டி ஒரே நேரத்தில் வந்து சேரும் பல பிரச்சினைகளுக்குத் திட்டம் போடச் சொல்வது என்று வரிசையாக இருக்கும். நிறுவனங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டபோது கயிறையும் கட்டையையும் விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டன. அதற்குத்தானே செலவு இல்லை! அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் 1956-இல் மேலாளர்களைப் பற்றிய தன் நீண்ட ஆய்வைத் தொடங்கியபோது குழு விவாதத்தோடு வேறு பல பயிற்சிகளையும் சேர்த்தே வைத்திருந்தது. பின்னால் வந்தவர்கள்தான் சுருக்கிவிட்டார்கள்.

பேச்சு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பது ரொம்ப காலமாகவே தெரிந்த விஷயம். தலைவர் இல்லாத குழு விவாதங்களைப் பற்றி அன்றுவரை வந்த ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் பாஸ் 1954-இல் தொகுத்துப் பார்த்தார். ஒருவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதற்கும் அவருக்குத் தலைமைப் பண்பில் விழும் மதிப்பெண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வும் அதையே உறுதி செய்தது. அறிவுத்திறன், குணம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் பேசிய நேரம் தனியாக நின்று வேலை செய்தது. என்ன பேசினார் என்பதைவிட எவ்வளவு பேசினார் என்பதுதான் மதிப்பெண் போடுபவர்களின் மனதில் பதிகிறது.

மதுரையில் இதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. ஒன்று ஆங்கிலம். ஒரே குழுவில் நகரத்து மெட்ரிக் பள்ளியில் படித்த பையனும், உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வந்த பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். தலைப்பு ஆங்கிலத்தில் வரும். பையன் யோசித்துக்கொண்டே பேசுவான். அந்தப் பெண் முதலில் யோசித்து, பிறகு மனதுக்குள் மொழிபெயர்த்து, வாக்கியத்தைச் சரிபார்த்து வாயைத் திறப்பதற்குள் விவாதம் இரண்டு திருப்பம் தாண்டிப் போயிருக்கும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. தனியார் நேர்காணல் அறையில் அதே படிப்பு யாரும் கவனிக்காமலே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசும் வேலை என்றால் ஆங்கிலம் வேண்டும்தான், மறுக்கவில்லை. அதைத் தனியாக ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்கு ஆள் எடுப்பவர் எதற்காக ஆங்கிலத்தில் ஜிடி வைக்கிறார் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. அந்தக் கடைகளில் சௌராஷ்டிர மொழியில் நான்கு வார்த்தை பேசத் தெரிந்தால் அது ஆங்கிலத்தைவிட அதிகம் விற்றுத்தரும்.

அரவிந்த் கண் மருத்துவமனையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அந்த நிறுவனம், பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைப் பெரும் எண்ணிக்கையில் சேர்த்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக ஆக்குகிறது. பார்வைப் பரிசோதனை, நோயாளிக்கு எடுத்துச் சொல்வது, அறுவை அரங்கில் உதவி என்று அங்கே நடக்கும் வேலையில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் இருக்கிறது. இவர்களை ஆங்கில ஜிடியில் உட்காரவைத்து வடிகட்டியிருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

இரண்டாவது, தலைப்பு. ‘சமூக ஊடகம் நன்மையா தீமையா’ என்று கொடுத்தால் ஊருக்கு ஏற்ற மாதிரி பட்டிமன்றம் நடக்கும். சாலமன் பாப்பையா அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஊர் இது, பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பட்டிமன்றத்தில் ஒரு நடுவர் இருப்பார், ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று மணி அடிப்பார்கள், முன்னால் பேசியவர் சொன்னதைக் கேட்டால்தான் மறுக்க முடியும். ஜிடியில் இந்த மூன்றும் கிடையாது. போதாக்குறைக்கு, பிளேஸ்மென்ட் பயிற்சியில் ‘முதலில் ஆரம்பிப்பவருக்கு மதிப்பெண், கடைசியில் தொகுத்துச் சொல்பவருக்கு மதிப்பெண்’ என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். விளைவு, முதல் பத்து விநாடியில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். கடைசி நிமிடத்தில் ஆறு பேரும் தொகுப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஐ.ஐ.எம்.களில் பல 2012-ஐ ஒட்டியே குழு விவாதத்தைக் கைவிட்டு, எழுத்துத் தேர்வையும் தனி நேர்காணலையும் வைத்துக்கொண்டன. பாரத ஸ்டேட் வங்கி அதிகாரிப் பணிக்கான இறுதிக் கட்டத்தில் குழுப் பயிற்சிக்கு 20, நேர்காணலுக்கு 30 என்று பிரித்து வைத்திருக்கிறது. ஆக, விட்டவர்களும் இருக்கிறார்கள், வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். என் கட்சி, பேச்சை மட்டும் வைத்து நடத்தும் ஜிடியை விட்டுவிடலாம் என்பது. எடுக்கப்போகும் வேலையிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குழுவின் கையில் கொடுத்தால் அந்த 40 நிமிடத்துக்குப் பலன் உண்டு.

சீட்டை யார் கேட்கிறார்கள்?

ஒரு தனியார் மருத்துவமனையின் முன்மேசைக்கு ஆள் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க மதுரைக்குத்தான் வைத்தியத்துக்கு வருகிறது. ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மாட்டுத்தாவணியில் பஸ் பிடிக்கும் கவலை இருக்கும். இதையே பயிற்சியாக்கலாம். காலை 10 மணி. டாக்டர் 11 மணிக்கு அறுவை அரங்குக்குப் போய்விடுவார், அதற்குள் நான்கு பேரைத்தான் பார்க்க முடியும். காத்திருப்பவர்களோ ஆறு பேர். யார் யாரை எந்த வரிசையில் அனுப்புவது, மிச்சம் இரண்டு பேரிடம் என்ன சொல்வது?

டோக்கன் எண், ஊர், என்ன தொந்தரவு என்று எழுதிய பொதுத்தாள் எல்லோருக்கும் உண்டு. அதோடு ஆளுக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு தகவல் இருக்கும். ஒருவர் ரத்தப் பரிசோதனைக்காகக் காலையிலிருந்து சாப்பிடாமல் இருக்கும் சர்க்கரை நோயாளி. இன்னொருவருக்கு ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் போதும். வேறொருவர் நிர்வாகிக்குத் தெரிந்தவர். பொதுத்தாளில் ‘வாயுத் தொல்லை’ என்று எழுதியிருக்கும் பரமக்குடிப் பெரியவர், இடது கை வலிக்கிறது, வியர்க்கிறது என்று வார்டு உதவியாளரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டு குழுவில் யாரோ ஒருவர் கையில் இருக்கும்.

இப்படித் தகவலைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பின்னால் ஒரு ஆய்வு இருக்கிறது. ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1985-இல் காட்டியது இது: குழுவாக உட்கார்ந்தால் மனிதர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பேசுவார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேலே வராமலே போய்விடும், அது எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும். நம் பயிற்சியில் பரமக்குடிப் பெரியவரின் சீட்டு கூச்சமான ஒருவர் கையில் மாட்டிக்கொண்டால் அது வெளியே வருமா? யாராவது, ‘ப்ரோ, நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே, உங்க சீட்டுல என்ன இருக்கு?’ என்று கேட்கிறாரா? அப்படிக் கேட்பவர்தான் முன்மேசைக்கு வேண்டிய ஆள். கணீரென்று பேசியே நேரம் முழுவதையும் ஓட்டியவர், பெரியவரைக் கடைசியில் தள்ளிவிட்டு ‘ஒருமனதாக முடிவெடுத்தோம்’ என்று சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளலாம். நிர்வாகிக்குத் தெரிந்தவரை முதலில் அனுப்பச் சொன்னவரையும் கவனியுங்கள். அதில் சரி தப்பு உங்கள் மருத்துவமனையின் பழக்கத்தைப் பொறுத்தது, ஆனால் பதில் சுவாரசியமாக இருக்கும்.

ஜவுளிக்கடை என்றால் தீபாவளி வாரம், எட்டுப் பேர் கொண்ட குடும்பம், குறிப்பிட்ட பட்ஜெட் என்று இதே மாதிரி அமைக்கலாம். கால் சென்டருக்கு ஒரு கோபமான வாடிக்கையாளரின் புகாரைக் கொடுத்துப் பதில் தயார் செய்யச் சொல்லலாம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டர், டர்னர் எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். கையில் வேலையைக் கொடுத்துப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும். கணக்கர், டிரைவர், சமையல்காரர் எல்லோருக்கும் அதுவேதான்.

பயிற்சி தொடங்கும் முன்னால் ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் தாளைப் படித்து, தன் வரிசையை எழுதிவைக்கட்டும். மெதுவாக யோசிப்பவருக்கும் இது கைகொடுக்கும். குழு முடிவுக்கு முன் அவர் தனியாக என்ன நினைத்தார் என்பதற்கு எழுத்தில் சான்றும் கிடைக்கும். தமிழில் பேசலாம், கலந்தும் பேசலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் தமிழில் பேசத் துணிய மாட்டார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டால் தலைமாட்டில் உட்காரும் சண்டை இல்லை. ஒரே வகுப்பு நண்பர்களை ஒரே குழுவில் போடக்கூடாது, அவர்களுக்குள் தலைவர் யார் என்பது முதலாம் ஆண்டிலேயே முடிவாகியிருக்கும். ஐந்து ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்ணை உட்காரவைப்பதையும் தவிர்க்கலாம். மேலே சொன்ன 2020 ஆய்வில், ஆணாக இருப்பதற்கே தனியாக ஆதரவு விழுவதும் தெரியவந்தது.

மதிப்பிடுபவர்கள் செய்யும் வேலை

ஆறு பேருக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள் வேண்டும், ஆளுக்கு மூன்று பேரைக் கவனிக்க. ஒருவரே ஆறு பேரையும் பார்த்தால் சத்தம் வரும் பக்கம்தான் கண் போகும். தாளில் ‘தலைமைப் பண்பு: நன்று’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. ‘நான்காம் நிமிடத்தில் எல்லோருடைய சீட்டையும் கேட்டார்’, ‘பக்கத்தில் இருந்தவர் பேசும்போது இரண்டு முறை குறுக்கிட்டார்’ என்று நடந்ததை எழுத வேண்டும். மதிப்பெண் அப்புறம். ஒரு குணம் பிடித்துப்போனால் மற்ற எல்லாக் குணங்களுக்கும் சேர்த்து மதிப்பெண் போடும் பழக்கத்தை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இலேயே, ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் கண்டுபிடித்து எழுதிவிட்டார். அயர்ன் மடிப்புக் கலையாத சட்டையும் கணீர்க் குரலும் இன்றைக்கும் ‘பொறுப்புணர்ச்சி’ என்ற கட்டத்தில் இரண்டு மதிப்பெண் வாங்கித் தருகின்றன.

எஸ்.எஸ்.பி.யிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே உளவியலாளர், நேர்காணல் அதிகாரி, குழுச் சோதனை அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிடுவார்கள். கடைசி நாள் கூட்டம் வரை ஒருவர் கருத்து மற்றவருக்குத் தெரியாது. நம் ஊர்க் குடும்ப நிறுவனங்களில் நேர் எதிராக நடக்கும். முதலாளியோ அவர் மகனோ அறையில் உட்கார்ந்திருப்பார். குழு வெளியே போன மறு விநாடி, ‘அந்த நீலச் சட்டைப் பையன் நல்லாப் பேசுறான்ல?’ என்பார். அவ்வளவுதான், மற்றவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். முதலாளி இருக்கட்டும், அது அவர் நிறுவனம். அவரும் தாளில் எழுதட்டும். எல்லோரும் தங்கள் மதிப்பெண்ணைப் படித்த பிறகு கடைசியாக அவர் படிக்கட்டும்.

‘ஒரு குழுவுக்கு ஒருவர்’ என்று எடுப்பதும் கெடுதல். பலமான குழுவில் இரண்டாவதாக வந்தவர், பலவீனமான குழுவில் முதலில் வந்தவரைவிட நல்ல ஆளாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடாமல், இந்த வேலைக்கு எது போதும் என்று காலையிலேயே எழுதிவைத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

அறையில் கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு. எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று ஆறு பேர் நடுவில் கேட்டால் கீழ்நோக்கிய ஏலம்தான் நடக்கும், அந்த வெட்கத்தோடு சேருபவர் சீக்கிரம் வேறு இடம் தேடுவார். ‘கல்யாணம் எப்போம்மா?’ என்று பெண்களிடம் மட்டும் கேட்பது இன்னும் நிற்கவில்லை. ஆள் எடுப்பதில் பெண்களிடம் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டமே சொன்னது, 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அப்புறம், ‘எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?’ ஊர் கேட்பது சகஜம். தெருவைக் கேட்பது எதற்கு என்று இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கு நன்றாகவே தெரியும். அதற்குப் பிறகு அவர் அந்தப் பயிற்சியில் எப்படிப் பேசுவார் என்று எதிர்பார்க்கிறோம்?

குழுப் பயிற்சி முடிந்ததோடு முடிவெடுத்துவிடவும் கூடாது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் தனி நேர்காணல், பின்னால் ஒருவர் எப்படி வேலை பார்ப்பார் என்பதை ஓரளவு நன்றாகவே முன்கூட்டிச் சொல்கிறது. பல பத்தாண்டு ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டு 2022-இல் உளவியலாளர் சாக்கெட்டும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்ட பட்டியலில் அதுதான் முதலிடத்தில் இருந்தது. குழுவில் தேறியவர்களை மட்டுமாவது பத்து நிமிடம் தனியே உட்காரவைத்துப் பேசலாம். வாய் திறக்காத ஒருவரின் தாளில் சரியான வரிசை எழுதியிருந்தால் அவரையும் கூப்பிட வேண்டும். ‘இதை ஏன் குழுவில் சொல்லவில்லை?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மதிப்பெண் தாளில் இல்லாத ஒன்றாக இருக்கும்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. பேரையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். எத்தனை மணிக்கு விடுவோம் என்று காலையிலேயே சொல்லிவிடலாம். எல்லோர் முன்னாலும் பெயர் வாசித்து ‘மற்றவர்கள் கிளம்பலாம்’ என்பதற்குப் பதிலாக, தேறினாலும் தேறாவிட்டாலும் குறித்த தேதிக்குள் போனில் செய்தி அனுப்பலாம். இதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

பிறகு அந்த மதிப்பெண் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்து, சேர்ந்தவர்களில் யார் நிலைத்தார்கள், யாரைப் பற்றி சூப்பர்வைசர் நல்லபடியாகச் சொல்கிறார் என்பதோடு ஒவ்வொரு கட்டத்தையும் வைத்துப் பாருங்கள். ‘பேச்சுத்திறன்’ கட்டத்தில் அதிகம் வாங்கியவர்களுக்கும் நன்றாக வேலை செய்பவர்களுக்கும் சம்பந்தமே தெரியவில்லை என்றால், அடுத்த வாக்-இன்னுக்கு விளம்பரம் கொடுக்கும் முன் அந்தக் கட்டத்தைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு அச்சடிக்கலாம்.